மூக்கைப் பொத்திக்கொண்டோம்

எச்ஐவி என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது ரத்தம். ஊசி, பிளேடு, ரத்தப் பை, அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு படுக்கை. இவற்றைத் தாண்டி நம் பேச்சு போனதே இல்லை. அந்தக் கிருமி உடம்புக்குள் போனபிறகு எங்கே உட்கார்ந்துகொண்டு எதைத் தின்கிறது என்று கேட்டால், படித்தவர்கள்கூட "எதிர்ப்புச் சக்தியை" என்று பொதுவாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். குடலை என்று சொல்ல வாய் வராது. சொன்னால் அடுத்தாற்போல் பேதியைப் பற்றிப் பேச வேண்டும். பேதியைப் பேசினால் கக்கூஸைப் பேச வேண்டும். அந்த வாசல்வரைக்கும் போகாமலே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

நான் மாவட்ட மருத்துவமனை ஒன்றின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடி தேய்ந்தவன், அவ்வளவுதான். இங்கே "நாங்கள்" என்று எழுதும்போது லேப்காரர்களையும் வார்டுக்காரர்களையும் சொல்கிறேன். "நாம்" என்று எழுதும்போது வீட்டில் இருந்தவர்களையும், பத்திரிகையில் எழுதியவர்களையும், பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டிலும் எனக்கு இடம் உண்டு.

1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் வெளியே தெரிந்தன. மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனீதி சாலமனின் வழிகாட்டலில் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் பரிசோதிக்கப்பட்டன. அந்தக் கதையை நாம் ஓரளவு அறிவோம். அதற்கு முந்தைய வருஷம் உகாண்டாவிலிருந்து வந்த செய்தியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அங்கே ராக்காய் பகுதியில் பரவிய ஒரு நோயைப் பற்றி 1985இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. விடாத பேதி, உருகிப்போகும் உடம்பு, அதுதான் நோயின் முகம். ஊர் ஜனங்கள் அதை "ஸ்லிம்" என்று கூப்பிட்டார்கள். கிராமத்து ஆட்கள் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரன் ராத்திரியில் எத்தனை தடவை வெளியே போகிறான் என்பதை வைத்தே நோயை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1987இல் எய்ட்ஸுக்கான இலக்கணத்தை விரித்தபோது இதைச் சேர்த்தார்கள். உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து, கூடவே ஒரு மாதத்துக்கு மேல் பேதியோ காய்ச்சலோ நீடித்தால் அதுவே எய்ட்ஸின் அடையாளம். உலக சுகாதார நிறுவனமும் காரணம் தெரியாத ஒரு மாதப் பேதியை எச்ஐவியின் மூன்றாம் நிலையில் வைத்திருக்கிறது.

எங்கள் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். லாரி ஓட்டியவர்கள், லாரி ஓட்டியவர்களின் மனைவிமார், பம்பாயில் வேலைக்குப் போய்த் திரும்பிய பையன்கள். வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக்கட்டியிருப்பார்கள். "என்னய்யா பண்ணுது?" என்றால் "காய்ச்சல் சார்" என்பார்கள். காய்ச்சலைச் சொல்வதில் வெட்கம் இல்லை. வயிற்றால் போவதைக் கேட்டால்தான் சொல்வார்கள், நாங்களோ கேட்க மாட்டோம். அட்டையில் "காய்ச்சல், எடைக்குறைவு" என்று ஏறிவிடும். முடிந்தவரை சீக்கிரம் தாம்பரத்துக்கு எழுதி அனுப்பிவிடுவோம். 1928இல் காசநோய்க்கென்று தொடங்கிய அந்தச் சானடோரியம்தான் தொண்ணூறுகளில் நாங்கள் கைகழுவியவர்களையெல்லாம் ஏற்றுக்கொண்டது. அங்கே அவ்வளவு தூரம், அந்த உடம்போடு, எந்த பஸ்ஸில் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ரெஃபரல் சீட்டில் கையெழுத்து விழுந்ததும் எங்கள் மேஜை சுத்தமாகிவிட்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் எய்ட்ஸ் விளம்பரத்துப் புள்ளிராஜா வந்தார். அவருக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று தமிழ்நாடே பேசியது, சிரித்தது. நாங்களும் டீக்கடையில் சிரித்தோம். வந்தவர்களைப் பற்றி, அதாவது வந்து வார்டின் கடைசிக் கட்டிலில் படுத்துக்கிடந்தவர்களைப் பற்றி, சுவரில் எழுத எதுவும் இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை. வராமல் தடுப்பது நல்ல காரியம்தான், அதில் தமிழ்நாடு நன்றாகவே செய்தது. ஆனால் தடுப்பதைப் பற்றி மட்டும் பேசுவதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அந்தப் பேச்சில் நாற்றம் கிடையாது.

குடலில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் உடம்பின் நிணநீர் அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரிலும் அதை ஒட்டிய திசுக்களிலும்தான் குடியிருக்கிறது. தினம் மூன்று வேளை வெளியுலகம் உள்ளே வருகிற இடம் அது, காவல் பலமாக இருக்கத்தானே வேண்டும். எச்ஐவி எந்த வழியாக உடம்புக்குள் நுழைந்தாலும் முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களைப் பெருமளவு காலிசெய்துவிடுகிறது. 1998இல் குரங்குகளிடமும் 2004இல் மனிதர்களிடமும் இதை விஞ்ஞானிகள் காட்டினார்கள். அந்தச் சமயத்தில் கையில் எடுக்கும் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை ஓரளவு கௌரவமாகவே இருக்கும். ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, குடலில் கொள்ளை நடந்து முடிந்தது தெரியாது.

அதற்கப்புறம் குடல் சுவர் எலி வளை போட்ட வரப்பு மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. 2006இல் இந்தக் கசிவையும் அளந்து காட்டினார்கள். உடம்பு ஓயாமல் அதோடு மல்லுக்கட்டுகிறது, அழற்சி அடங்குவதில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தபிறகும் குடல் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்கிறார்கள். நன்றாக இருப்பவர்களுக்கும் பிற்காலத்தில் இதயம், ஈரல் என்று தொந்தரவு வருவதற்கு இந்த ஓயாத அழற்சியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

சிடி4 இருநூறுக்கும் நூறுக்கும் கீழே இறங்கும்போது, திடமான ஆளுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிப் போகிற கிருமிகள் இவர்களை மாதக்கணக்கில் விடுவதில்லை. கிரிப்டோஸ்போரிடியம், ஐசோஸ்போரா (இப்போது பெயரைச் சிஸ்டோஐசோஸ்போரா என்று மாற்றிவிட்டார்கள், எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு வாயில் வராது), மைக்ரோஸ்போரிடியா, சைக்ளோஸ்போரா. ஐம்பதுக்கும் கீழே போனால் சைட்டோமெகலோ என்ற வைரஸ் பெருங்குடலைப் புண்ணாக்கி, ரத்தமாகப் போக வைக்கும், சில சமயம் குடலில் ஓட்டையே விழும். நம் நாட்டில் இவை எல்லாவற்றோடும் காசநோய் வேறு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு, கட்டியாகி, அடைப்பாகி, ஆபரேஷன்வரை இழுத்துக்கொண்டு போகும்.

இனி லேபுக்கு வருகிறேன். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலப் பரிசோதனை எங்களிடம் யாருக்கும் பிடிக்காத வேலை. புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டுவோம். அவருக்கும் கீழே ஒருவர் வந்ததும் அவர் கைமாற்றிவிடுவார். டப்பா வந்தால் மூடியைத் திறந்து, குச்சியால் துளி எடுத்து, ஸ்லைடில் உப்புநீரில் கரைத்து, கண்ணாடி போட்டு ஒரு பார்வை. புழு முட்டை இருக்கிறதா, அமீபா இருக்கிறதா. இல்லை. "ஓவா, சிஸ்ட் நில்" என்று சீல் குத்தியாகிவிட்டது. சீல் என்று சும்மா சொல்லவில்லை. அடிக்கடி எழுத வேண்டியிருந்ததால் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பே செய்து வைத்திருந்தோம். தண்ணியாக வந்த சாம்பிளை "இதுல என்னத்தப் பாக்கறது, கொஞ்சம் கெட்டியா கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. நோயே அதுதான். கெட்டியாக எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

கிரிப்டோஸ்போரிடியம் அந்தச் சாதாரண ஸ்லைடில் கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து மைக்ரான் அளவு உருண்டை, ஈஸ்ட் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அதைப் பார்க்க ஒரு சாயம் வேண்டும். அந்தச் சாயத்தில் ஒரு வினோதமும் இல்லை, காசநோய்க்குச் சளியில் போடுகிறோமே, அதே சிவப்புச் சாயம்தான், கார்பால் ஃபூக்சின். அப்புறம் ஊற்றுகிற அமிலத்தை மட்டும் கொஞ்சம் நீர்த்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். பச்சையோ நீலமோ பின்னணிக்கு. அவ்வளவுதான். அப்போது சின்ன உருண்டையாகச் சிவந்து தெரிவது கிரிப்டோ. அதைவிடப் பல மடங்கு பெரிதாக, நீள்வட்டமாக, உள்ளே ஒன்றோ இரண்டோ உருண்டையோடு தெரிவது ஐசோஸ்போரா. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

அந்தச் சாயப் பாட்டில் எங்கள் அலமாரியில் எந்நாளும் இருந்தது. தினம் சளி ஸ்லைடுகளுக்கு அதே மேஜையில் அதே கையால் போட்டுக்கொண்டிருந்தோம். சளி சோதனைக்குக் கணக்குக் கேட்பார்கள், ரிஜிஸ்டர் உண்டு, மேலதிகாரி வந்து ஸ்லைடை மறுபடி பார்ப்பார். மலத்துக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. டாக்டரும் சீட்டில் "மோஷன் டெஸ்ட்" என்று இரண்டு சொல் எழுதுவாரே தவிர, சாயம் போட்டுப் பாருங்கள் என்று எழுத மாட்டார். எழுதவில்லை என்பதால் நாங்கள் போடவில்லை. நாங்கள் போடுவதில்லை என்பதால் அவரும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தார்.

வேலூரிலும் சென்னையிலும் இதே நோயாளிகளின் மலத்தை ஒழுங்காகச் சாயம் போட்டுப் பார்த்தவர்கள் அப்போதே இருந்தார்கள், கட்டுரைகளும் வந்தன. தென்னிந்தியாவில் ஐசோஸ்போரா அடிக்கடி தட்டுப்பட்டது. இதில்தான் மனசு குறுகுறுக்கிறது. கிரிப்டோவுக்கு இன்றுவரை நறுக்கென்று கேட்கிற மருந்து இல்லை. எச்ஐவிக்கான கூட்டு மருந்து சிகிச்சையால் சிடி4 மேலே ஏறினால்தான் அது அடங்கும். ஐசோஸ்போரா அப்படியில்லை. கோட்ரைமாக்சசோல் கேட்கும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டப்பா டப்பாவாகக் கிடந்த, குழந்தைகளின் சளிக்குக்கூடக் கொடுத்துக்கொண்டிருந்த, விலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத மாத்திரை. பல பேருக்குச் சில நாட்களிலேயே பேதி நின்றிருக்கும், திரும்ப வராமலிருக்கத் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் போதும். ஒரு சாயம், ஒரு மாத்திரை. இரண்டும் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன.

வார்டில் இன்னொன்று நடந்தது. எச்ஐவியோடு காசநோயும் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் உடம்பு தேறாது. உடனே நாங்கள் கேட்கிற கேள்வி, "ஒழுங்கா மாத்திரை போடறீங்களா?" அவர் போடுகிறேன் என்பார். நாங்கள் நம்ப மாட்டோம். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம். "நான்தான் சார் கையில குடுக்கறேன்" என்பார் அந்த அம்மா. அவரையும் நம்ப மாட்டோம். குடித்துவிட்டுத் துப்பியிருப்பான் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 2004இல் வெளியானது. முற்றிய எச்ஐவி உள்ளவர்களுக்கு, அதிலும் பேதி உள்ளவர்களுக்கு, ரிஃபாம்பிசினும் ஐசோநியசிடும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்று அளந்து சொன்னார்கள். மாத்திரை போட்டிருக்கிறார். போட்ட மாத்திரை உடம்பில் சேரவில்லை. நம் ஊரிலேயே, ரயிலில் போய் இறங்கும் தூரத்தில் கண்டுபிடித்த விஷயம் இது. எங்கள் வார்டுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்றோ. அதுவரை பொய் சொல்கிறவர்கள் என்ற பெயரோடுதான் அவர்கள் படுத்திருந்தார்கள்.

வீடுகளில் நாம் செய்ததையும் சொல்ல வேண்டும். தனித்தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் வைத்தோம். கொல்லைப்புறத்தில் கீற்றுக் கொட்டகை போட்டோம். எச்ஐவி தட்டில் வராது, டம்ளரில் வராது, கழிப்பறையில் வராது. இது நமக்குத் தெரியும், சுவரில் எழுதிப்போட்டிருந்தார்கள். தெரிந்தும் செய்தோம். பயந்த பயம் ஒரு பக்கம் இருக்க, கவனம் வேண்டிய திசை நேர் எதிராக இருந்தது. நம்மிடமிருந்துதான் அவருக்கு ஆபத்து. கழுவாத கை, காய்ச்சாத தண்ணீர், தோலுரிக்காமல் நறுக்கிய காய், வாசலில் கட்டியிருந்த கழிச்சல் கன்றுக்குட்டி, இவை வழியாக வருகிற கிரிப்டோ நம்மைக் கொஞ்ச நாள் பேதியோடு விட்டுவிடும், அவரைப் படுக்கையில் தள்ளும். குளோரினுக்கும் அது சாவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலேயே அது புகுந்து நான்கு லட்சம் பேருக்குப் பேதி வந்தது. எச்ஐவி உள்ளவர்கள்தான் அதில் அதிகம் மாண்டார்கள். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் செத்துவிடும். அடுப்பு நம் வீட்டில் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவருக்குத் தனி டம்ளரில் பச்சைத்தண்ணி வைத்தோம்.

இதற்கெல்லாம் நடுவில் துணி அலசியவர்கள் பெண்கள். அம்மா, மனைவி, சில வீடுகளில் கல்யாணமாகாத தங்கை. மனைவி பல நேரம் தானும் பாசிடிவ். பழைய புடவையைக் கிழித்துத் துண்டு துண்டாக மடித்துவைத்து, ராத்திரியில் நாலு தடவை எழுந்து, விடிவதற்குள் யார் கண்ணிலும் படாமல் அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். நாம் அதைப் "பொறுமை" என்று பாராட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டோம். கையுறை வாங்கிக்கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி நாம் விழித்திருக்கவில்லை.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது, தாம்பரமும் அதில் ஒன்று. பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் அதற்கென்று ஏஆர்டி சென்டர் வந்தது. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் வந்தது. எடை ஏறியது, ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள், வார்டின் கடைசிக் கட்டில் காலியாயிற்று. சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் குடலைச் சுத்தமாகவே மறந்தோம். மாத்திரை இருக்கிறதே, இனி என்ன என்று நினைத்துக்கொண்டோம்.

சிலருக்கு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் வயிறு வலித்து, காய்ச்சல் வந்து, அடைப்பு ஏற்பட்டது. உள்ளே பதுங்கியிருந்த காசநோய், எதிர்ப்புச் சக்தி திரும்பியதும் வெளியே வந்து ஆடுகிற ஆட்டம் அது. "மாத்திரை ஒத்துக்கலை" என்று அவர்கள் நிறுத்திவிட்டார்கள். பழைய மாத்திரைகள் சிலவற்றில் இன்னொரு சங்கடம். இரண்டாம் வரிசையில் கொடுத்த லோபினாவிர் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சென்டருக்கு வருகிற நாளில் காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வருவார்கள், பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்துவிடக் கூடாதே என்று. சிலர் அன்றைக்கு மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். வந்து சேர்ந்தால் சென்டரில் கக்கூஸ் பூட்டியிருக்கும். சாவி சிஸ்டரிடம். சிஸ்டரிடம் கேட்க ஆம்பளைக்கு வெட்கம். வெளி நோயாளி வளாகத்தில் அந்தப் பூட்டைத் தினம் கடந்துதான் நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

"லூஸா போகுது" என்று துணிந்து சொன்னவர்களுக்கும் எங்கள் பதில் தயாராக இருந்தது. மாத்திரையோட சைடு எஃபெக்ட், பழகிடும். மருந்துக்கடையில் லோப்பரமைடு வாங்கிப் போடுங்க. காரணம் பார்க்காமல் பேதியை மட்டும் கட்டிப்போடுவது சரியல்ல, காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அந்த மாத்திரையே ஆபத்து என்பது எங்களுக்குத் தெரியும். சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். வரிசை நீளமாக இருந்தது.

மூலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆசனவாய்ப் பக்கம் எது வந்தாலும் அது மூலம்தான். ரத்தம் வந்தால் மூலம், கட்டி தடவினால் மூலம், வலித்தால் சூட்டு மூலம். கருணைக்கிழங்கும் துத்தி இலையும் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவோம். எச்ஐவியோடு வாழ்பவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, ஆசனவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான அதே வைரஸ்தான் இதற்கும் காரணம். முன்கூட்டியே மாறுதலைக் கண்டுபிடித்து அகற்றினால் புற்றாக மாறுவதைப் பாதிக்கும் மேல் குறைக்கலாம் என்று 2022இல் வெளிவந்த அமெரிக்காவின் ஆங்கர் ஆய்வு காட்டியது. இங்கே அந்தச் சோதனை எளிதில் கிடைக்காது என்பது இருக்கட்டும். கையுறை போட்டு விரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்க என்ன கருவி வேண்டும்? டாக்டருக்கும் கூச்சம், நோயாளிக்கும் கூச்சம். வயதான ஆளாக இருந்தால் இன்னும் கூச்சம். இப்போது ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்கள் சென்டர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிழைக்க வைத்துவிட்டோம். பிழைத்தவர்களுக்கு என்ன வரும் என்று யோசிக்கவில்லை.

இன்றைக்கும் நோய் முற்றியபிறகுதான் சிலர் வருகிறார்கள். நடுவில் மாத்திரையை விட்டவர்களும் வருகிறார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், வயிறு சரியில்லை என்கிறவர்கள் அதில் உண்டு. எச்ஐவி உள்ளவருக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தது. எந்தச் சட்டமும் ரப்பர் ஸ்டாம்ப்பைப் பிடிக்காது. நாங்கள் யாருக்கும் எதையும் மறுக்கவில்லையே. டப்பாவை வாங்கினோம், ரிசல்ட் கொடுத்தோம்.

ஓய்வு பெற்றபிறகு எங்கள் மாவட்டத்தில் பாசிடிவ் ஆட்கள் மாதம் ஒருமுறை கூடுகிற இடத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் பிராயச்சித்தம் மாதிரி ஏதோ நினைத்துக்கொண்டு போனேன், இப்போது அந்த வீறாப்பெல்லாம் இல்லை. அங்கே பேதியைப் பற்றிப் பேசுகிற ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. "வயித்து சார்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் சிரிப்பார்கள். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருவார்கள். "சார், நாலு மாசமா..." என்று தொடங்குவார்கள்.

நான் சொல்வது சில்லறை விஷயங்கள்தான். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை. பேதி என்று சோற்றை நிறுத்தாதீர்கள், குழைய வடித்த கஞ்சி, மோர், வாழைப்பழம் உள்ளே போகட்டும். சாப்பிடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் எல்லோரும் கழுவட்டும். டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாகப் போகிறது, ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா, ரத்தம் வருகிறதா, பேன்ட் இடுப்பில் தளர்ந்திருக்கிறதா, இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டுங்கள். படித்துத்தானே ஆக வேண்டும் அவர். கூட்டத்தில் ஒரு தங்கச்சி இதை அச்சடித்துச் சின்ன அட்டையாகவே கொண்டுவந்துவிட்டது, டிக் அடித்தால் போதும்.

சாம்பிள் கொடுப்பதையும் சொல்லித்தருகிறேன். கிருமி தினமும் வெளியே வராது, அதனால் வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுங்கள். சிறுநீர் கலக்க வேண்டாம். தண்ணியாக இருந்தால் தண்ணியாகவே கொடுங்கள், அதைப் பார்ப்பதற்குத்தான் எங்கள் ஆட்களுக்குச் சம்பளம். டப்பாவை நீட்டும்போது "சார், சளிக்குப் போடற சாயத்தைப் போட்டுப் பாருங்க, கிரிப்டோ, ஐசோஸ்போரா இருக்கான்னு" என்று கேளுங்கள். முறைப்பார்கள். யார் உனக்கு இதெல்லாம் சொன்னது என்பார்கள். என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். இரண்டாவது தடவை கேட்டால் போட்டுவிடுவார்கள். பாட்டில் அதே அலமாரியில்தான் இருக்கிறது.